வெளியே போகும் வழியைக் கேட்டவர்

கிள்ளானில் ஒரு மாடி அறை வாடகைக்கு இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்த வீட்டுக்கார ஆன்டிக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. சொந்த ஊர் எது, என்ன வேலை, எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய் என்றெல்லாம் கேட்பார் என்று பதில்களைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவர் மாடிப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காலி பண்ணும்போது கட்டில எப்படி எறக்குவ?" என்றார்.

நான் இன்னும் கட்டிலே வாங்கவில்லை என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. வாங்குறதுக்கு முந்தி படிய அளந்துக்க. முன்னாடி இருந்த பையன் அலமாரிய மேலயே வச்சுப் பலகையெல்லாம் சேத்துப் பூட்டுனான். போகும்போது எறங்கல. ரம்பம் வச்சு அறுத்துத்தான் கொண்டு போனான். பாவம்லா."

குடிவருகிறவளிடம் இது என்ன பேச்சு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அறையில் நல்ல காற்று. ரயில் நிலையம் பக்கம். பிரிக்பீல்ட்ஸில் இருந்த என் அலுவலகத்துக்குக் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்தபடியே போய்விடலாம். சரியென்று சொல்லிவிட்டேன். குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டி, "எல்லாத்தையும் ஒருதரம் கீழ எறக்கிக் காட்டு" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாடவில்லை. என் துணி, பாத்திரம், மேசை விசிறி, புதுக் கட்டில் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. அவர் கணவர், எல்லாருக்கும் அங்கிள், ரொட்டி சானாயைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் செஞ்சதுதாம்மா. இந்த வீட்டுல பால் காய்ச்சுறதுக்குப் பதிலா இதுதான்." பிறகு அவரே கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்து மேலே ஏற்றிக் கொடுத்தார்.

ஆன்டியைப் பற்றி யார் கேட்டாலும் நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். எதற்குள் நுழைவதானாலும் வெளியே வரும் வழியை முதலில் கேட்டுவிடுவார். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் கல்யாணம் என்றால் காடியை, அதாவது காரை, பின்பக்கமாக விட்டு, மூக்கு ரோட்டைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைக்கும்வரை அங்கிள் சுற்றிச் சுற்றி வருவார். ஒரு கல்யாணத்தில் இவர்கள் உள்ளே போவதற்குள் பாயசம் தீர்ந்துவிட்டது. அங்கிள் இன்றுவரை அந்தப் பாயசத்தைப் பற்றிப் பேசுகிறார்.

உறவினர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எப்ப கிளம்புறீங்க?" என்று கேட்பார். எத்தனை வேளைக்கு உலை வைப்பது என்பது அவர் கணக்கு. கேட்கிறவர்களுக்கு அப்படியா படும்? செந்தூலில் இருந்த நாத்தனார் ஒருமுறை கழற்றிய செருப்பை அப்படியே மாட்டிக்கொண்டு காடியில் ஏறிவிட்டார். சமாதானப்படுத்த அங்கிள்தான் போனார். அங்கேயும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அங்கிள் பெண் பார்க்க வந்த கதையை ஆன்டியே சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையோடு தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்களாம். "நமக்குள்ள சண்டை வந்து நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னு கிளம்புனா என்ன செய்வீங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காடியில கொண்டாந்து விடுறேன். கோவம் போனதும் போன் பண்ணுங்க, வந்து கூட்டிக்கிறேன்" என்றாராம். ஆன்டி உள்ளே போய்ச் சம்மதம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒரு தடவைகூடக் கிளம்பவில்லை என்பதையும் சொல்லிச் சிரிப்பார்.

ஆன்டியின் தொழில் ரவிக்கையில் பூவேலை. முன்பு சுங்கை வேயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தவர். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது, கணினியோடு சேர்ந்து ஓடும் ஒரு தையல் இயந்திரத்தை வாங்கி வீட்டு முன்னறையில் போட்டுக்கொண்டார். கிள்ளான் கடைத்தெருத் தையல்காரர்கள் பாதிப்பேர் கழுத்து வேலைக்கும் கை வேலைக்கும் அவரிடம்தான் வருவார்கள். மயில், மாங்காய், யானை வரிசை எல்லாம் அவரே வரைந்தவை. ஒவ்வொரு தீபாவளிக்கும் புதிதாகச் சில சேரும்.

சிக்கல் என்னவென்றால், அந்த வடிவங்கள் எல்லாம் ஒரு பழங்காலத்து விண்டோஸில் ஓடும் ஒரே ஒரு மென்பொருளில்தான் திறக்கும். அந்த மென்பொருளை விற்ற கம்பெனி இப்போது இல்லை. கணினியில் ஒரு சின்னச் சாவியைச் செருகி வைத்திருந்தால்தான் அது திறக்கும். சாவி என்றால் சுண்டுவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. கணக்கு வழக்குக்குப் புது விண்டோஸ் உள்ள கணினி ஒன்று. வாசல் கேமராவுக்கும் வீட்டுப் படங்களுக்கும் லினக்ஸ் போட்ட இன்னொன்று. ஆக, சாப்பாட்டு மேசையில் மூன்று கணினிகள். அங்கிள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்.

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் வட்டு டிக் டிக்கென்று ஒலி எழுப்பத் தொடங்கிய அதே வாரத்தில் எனக்கு ஜோகூர் பாருவில் வேலை கிடைத்தது. சேர இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. அலுவலகத்தில் செர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதனால் சத்தத்தைக் கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. "ஆன்டி, இது ரொம்ப நாள் தாங்காது" என்றேன். அவர் இயந்திரத்தை நிறுத்தினார். முகத்தில் ரத்தமே இல்லை. பத்து, பதினைந்து வருடத்து மயில்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. தீபாவளிக்கு நாலைந்து மாதம் இருந்தது. அதற்குள் அவற்றைப் பத்திரமாக வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

என் யோசனை எளிதானது. நல்ல செர்வர் ஒன்றை வாங்கி, மூன்று கணினிகளையும் அதற்குள் குடிவைத்துவிடலாம். ஒரே இயந்திரத்தில் மூன்று கணினிகள் தனித்தனியாக ஓடுவது போலச் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஒன்றுக்குள் நடப்பது அடுத்ததற்குத் தெரியாது. இதைச் சொன்னதும் ஆன்டிக்குப் பிடித்துவிட்டது. "பீலிக் பீலிக்கா, ஒவ்வொரு ரூமா வாடகைக்கு விடுற மாதிரி" என்றார். அங்கிளுக்கு மேசை திரும்பக் கிடைக்கும் என்பது பிடித்தது. பழைய வட்டை அப்படியே ஒரு கோப்பாக நகலெடுத்துவிட்டேன். இனி எந்த மென்பொருளில் குடிவைப்பது என்பதுதான் கேள்வி. எனக்கு ஒரு மணி நேரத்தில் விடை தெரிந்திருந்தது. ஆன்டிக்குத்தான் வாரக்கணக்கானது.

மென்பொருள்களின் உண்மைப் பெயர்கள் இங்கே வேண்டாம். ஆன்டி வைத்த பெயர்களே போதும். முதல் ஆள் தோள்மேல் உட்கார்றவர். புது விண்டோஸில் சாதாரண மென்பொருள் மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டு, தனக்குள்ளே பழைய விண்டோஸை ஓட்டுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்தது, மயில் திறந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் இயந்திரம் துணியில் மயிலைத் தைத்துக்கொண்டிருந்தபோது கீழே இருந்த விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நினைத்து, தானே அணைந்து எழுந்தது. மேலே உட்கார்ந்தவரும் சேர்ந்து விழுந்தார். துணியில் கழுத்து வரைக்கும்தான் மயில் இருந்தது.

"நடுவழியில எறக்கி விடுற பஸ்ஸு" என்று ஆன்டி அவரை அனுப்பிவிட்டார்.

அடுத்தவர் கோட்டுக்காரர். என் அலுவலகத்தில் அவர்தான். எந்த விண்டோஸின் தோளிலும் உட்காராமல் செர்வர்மேல் நேரடியாக ஓடுவார். திரை பார்க்க அவ்வளவு அழகு. எனக்கு அவரைத்தான் பிடிக்கும், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். புதிதாக வாங்கிய செர்வரில் எல்லாம் செய்து முடித்துக் காட்டினேன். ஆன்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கு. இப்ப வெளிய எடுத்துக் காட்டு."

"எதுக்கு ஆன்டி? இப்பத்தானே உள்ள வச்சோம்."

"அதான் கேக்குறேன்."

எடுத்தேன். வெளியே வந்தது. வந்ததை வேறொரு மென்பொருளில் ஏற்றிப் பார்த்தால் நீலத் திரை. வட்டு எந்த வகைக் கம்பியில் மாட்டியிருக்கிறது என்பது மாறிவிட்டால் அந்தப் பழைய விண்டோஸ் எழுந்திருக்காது. இது கோட்டுக்காரர் குற்றமில்லை, பழைய விண்டோஸ் கிழவரின் பிடிவாதம் என்று விளக்கினேன். ஆன்டி விடவில்லை. தினமும் தானாகக் காப்பு நகல் எடுக்கச் சொல்லிக் கேட்டார். அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், இலவசத்தில் வராது என்றேன்.

"இவரு விருந்துக்கு நல்லா கூப்பிடுறாரு. கிளம்புறேன்னா கதவுல நின்னு பேசிக்கிட்டே இருக்காரு" என்றார் ஆன்டி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாதி மலேசியா இவரைத்தான் வைத்து ஓட்டுகிறது என்று கத்தினேன். அது நானே அடித்துவிட்ட கணக்கு. "ஓட்டட்டுமே. நீ போனப்புறம் நம்ம வீட்டுல அங்கிள்தானே ஓட்டணும்" என்றார்.

மூன்றாமவர் சிலிப்பர்காரர், கோட்டு இல்லாமல் வீட்டுச் செருப்போடு வருகிறவர். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பணம் இல்லை. அவரும் நேரடியாக ஓடுகிறவர்தான். திரை மட்டும் சாம்பல் நிறத்தில் பெட்டி பெட்டியாக இருக்கும். வீட்டில் எந்தக் கணினியின் உலாவியிலும் அவரைத் திறக்கலாம். காப்பு நகல் ஒவ்வொன்றும் ஒரே கோப்பு. தனி வட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரும்ப வேண்டுமென்றால் ஒரு பொத்தான். கிழவரின் கம்பி வகையை முன்பிருந்தபடியே வைத்ததும் அவரும் எழுந்துகொண்டார். ஆன்டிக்கு முகம் மலர்ந்தது. இரண்டு நாள் கழித்து மயிலைத் திறக்கும் பழைய மென்பொருள், சாவியைக் காணோமென்று கூப்பாடு போட்டது. பார்த்தால், அங்கிள் தூசி தட்டும்போது சாவியைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் செருகியிருக்கிறார். இந்த ஓட்டையில் இருப்பதைக் கொடு என்று நான் எழுதி வைத்திருந்தேன். எங்கே செருகினாலும் இந்தச் சாவியைக் கொடு என்று மாற்றினேன். அங்கிள் அன்று சாயங்காலம் முழுக்க எல்லா ஓட்டையிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

பழைய கணினி அதற்கடுத்த வாரம் டிக் டிக்கை நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு அது எழவே இல்லை. நான் எடுத்த முதல் நகலையே கிழவராக ஓடவிட்டிருந்ததால், இனி மயில்கள் இருப்பது செர்வருக்குள்ளும், காப்பு வட்டிலும்தான். நான் கிளம்பும் நாளும் நெருங்கியது. "கவலைப்படாதீங்க ஆன்டி, ஜோகூர்ல இருந்தே உள்ள வந்து பாத்துக்கிற மாதிரி ஒரு வழி போட்டு வச்சிருக்கேன்" என்றேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. தூரத்தில் இருந்தாலும் இந்த வீடு என்னைத்தானே கூப்பிடும்.

"அத அடைச்சிரு" என்றார்.

"ஏன்? என்மேல நம்பிக்கை இல்லியா?"

"உன்மேல இருக்கு. ஜோகூர்லயும் உனக்கு வேலை இருக்கும்ல? நீ மீட்டிங்ல இருக்கும்போது என் மயிலு படுத்துச்சுன்னா?"

எனக்கு வலித்தது. இத்தனை நாள் உட்கார்ந்து செய்ததற்கு இதுதானா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் சமாதானமெல்லாம் செய்யவில்லை. சனிக்கிழமை காலையில் என்னை ரயிலேற்றிவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட வேண்டும், போனை அணைத்துவிட வேண்டும், சாயங்காலம்தான் திரும்ப வேண்டும். அதற்குள் அங்கிள் கிழவரை அழித்துவிட்டுக் காப்பு நகலிலிருந்து திரும்ப எழுப்புவார். நான் இல்லாமல் நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

இலையில் என்ன வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பாகற்காய் வறுவலை விட்டுவைத்த நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். திரும்பி வந்தபோது ஆன்டி வாசலிலேயே நின்றார். உள்ளே இரண்டு கிழவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சாவியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சாவியைக் காணோமென்று கத்திக்கொண்டிருந்தார். அங்கிள் பழையதை அழிக்காமலே பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுப்பியிருக்கிறார்.

"அழிக்கச் சொன்னா எப்படி? எல்லாம் அவ போட்ட மயிலு. கையே வரலம்மா" என்றார் என்னிடம்.

ஆன்டி புதிதாக எழுந்ததையும் நீக்கச் சொன்னார். ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டுமாம். பிறகு அங்கிளை எழுப்பிவிட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்தார். நான், "ஆன்டி, வேணாம், காப்பு எழும்புதுன்னு பாத்தாச்சு, போதும்" என்றேன். உண்மையில் எனக்குப் பயம். ஒரு கோப்பில் ஒரு கீறல் இருந்தாலும் போச்சு. அவர் என்னைப் பார்க்கவில்லை. அழிக்கவா என்று திரை கேட்டது. பட்டியலில் கிழவருக்கு இருந்த எண்ணைத் தட்டி உறுதி செய்யச் சொன்னது. தட்டினார். கிழவர் போய்விட்டார். பட்டியலில் அந்த இடம் காலியாக இருந்தது. ஆன்டி கையை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப நீங்க" என்று அங்கிளிடம் நாற்காலியைக் கொடுத்தார்.

அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினார். கோடு நகர்ந்தது. நான் உதவி செய்துவிடக் கூடாதென்று ஆன்டி என்னைப் படிக்கட்டில் உட்கார வைத்திருந்தார். கோடு நூறைத் தொட்டது, கிழவர் எழுந்தார், சாவியைக் கேட்டார், கிடைத்தது. மயில் தோகையோடு திறந்தது. அங்கிள் துள்ளிக் குதிக்கவில்லை, "சாப்பிடலாமா?" என்று கேட்டார். ஆன்டிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நானும் அழுதேன். அதில் பாதி நிம்மதி, பாதி பொறாமை.

நான் கிளம்பும்வரை ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இப்படியே போயின. வெறும் வட்டில் சிலிப்பர்காரரை முதலிலிருந்து ஏற்றுவதுகூட அங்கிளுக்குப் பழகிவிட்டது. ஆன்டி சொல்லச் சொல்ல அவர் தட்டுவார். ஜோகூரிலிருந்து உள்ளே வரும் வழியை நான் என் கையாலேயே அடைத்தேன். கட்டிலும் படியில் முட்டாமல் இறங்கியது.

ஜோகூரில் முதல் மாதங்களில் போன் அடித்தால் கிள்ளானாக இருக்குமோ என்று பாய்ந்து எடுப்பேன். சில நேரம் அவர்கள்தான். புது மேலாளர் எப்படி, தனியாகச் சமைக்கிறாயா, துணி காய இடம் இருக்கிறதா என்று பேச்சு போகும். செர்வர் என்ற வார்த்தையே வராது. நானாகக் கேட்டாலும், "அது பாட்டுக்கு இருக்கு" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

தீபாவளிக்கு ஓப்பன் ஹவுஸ், யாரும் வந்து சாப்பிட்டுப் போகலாம் என்று அழைத்தார்கள். பேருந்து பிடித்துப் போனேன். வீடு நிறையக் கூட்டம். வந்த பெண்களில் பாதிப்பேர் முதுகில் ஆன்டியின் வேலை. செந்தூல் நாத்தனார்கூட வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் கணினி எதுவும் இல்லை, பலகாரம்தான். முன்னறை மூலையில் செர்வர் ஓடியது. கண் தானாக அங்கே போனது. பெட்டியில் புது வட்டு ஒன்று மாட்டியிருந்தது. மேலே ஒட்டிய சீட்டுகூட இன்னும் உரிக்கப்படவில்லை.

"அங்கிள், டிஸ்க்க மாத்துனீங்களா?"

"பழசு போச்சும்மா. தீபாவளி வேலை உச்சத்துல இருந்தப்ப. காலையில போச்சு, மத்தியானம் கடைக்குப் போயி புதுசு வாங்கிட்டு வந்தேன். சாயங்காலம் மயிலு ஓடிருச்சு." கூட்டத்துக்கு நடுவே அங்கிள் இதைச் சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

நான் நேராக அடுப்படிக்குப் போனேன். ஆன்டி மட்டன் பிரட்டலைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவர் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பண்ணியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?"

"லீவு போட்டு வந்திருப்பேன்."

"தெரியும்லா. அதான் பண்ணல." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டார். கையில் மசாலா சூடு இருந்தது. "இனிமே இந்த வீட்டுல உனக்கு ஒரு வேலையும் கிடையாது. சும்மா வா."

என் வாழ்க்கையில் யாரும் என்னை அதற்கு முன் அப்படி அழைத்ததில்லை. அவர் ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டு, பிரட்டலை மேலே வைத்துக் கையில் கொடுத்தார். அடுப்படி வாசலில் நின்றபடியே சாப்பிட்டேன். அன்றிலிருந்து விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் கிள்ளானுக்குச் சும்மாதான் போய் வருகிறேன்.